அம்மாவின் காதைப் பற்றி

அன்புள்ள முருகா,

பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். அம்மா டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார் என்ற வரியைத்தான் இரண்டு முறை படித்தேன். வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதே. நாற்பது வருஷம் விறகடுப்புப் புகை குடித்த நுரையீரல் அது. சி.ஓ.பி.டி., அதாவது மூச்சுக்குழாய் நாள்பட அடைபடும் நுரையீரல் நோய், உள்ளவர்களிடம் காது மந்தமும் அதிகம்.

உட்காதுக்கு ரத்தம் போவது ஒரே மெல்லிய தமனி வழியாக. அதில் வரும் ஆக்சிஜன் குறைந்தால் ஈடுகட்ட வேறு கிளை இல்லை. முதலில் அடிவாங்குவது கீச்சொலிகளைப் பிடிக்கும் செல்கள். அதனால் சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. காசு என்றால் காது என்று விழும்.

முதலில் காதுக் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல். பாதிக் கேஸ் அங்கேயே முடிந்துவிடும் என்று சொல்ல ஆசைதான், அப்படி முடியாது. பிறகு 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை, அடித்தொனி முதல் கீச்சொலி வரை எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் ஆடியோகிராம் எடு.

அடுத்து மாத்திரைச் சீட்டு. இழுப்பு அடிக்கடி முற்றுகிறவர்களுக்கு அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் 250 மி.கி. மாதக்கணக்கில் கொடுப்பதுண்டு. அமெரிக்காவில் 2011-ல் வெளியான ஆய்வில், அதை ஒரு வருஷம் தினமும் சாப்பிட்டவர்களில் 25 சதவீதம் பேருக்குக் கேட்கும் திறன் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 20 சதவீதம்! எல்லாப் பழியையும் மருந்தின் மேல் போட முடியாது. ஆனாலும் தொடங்கும் முன்பே ஆடியோகிராமும் ஈ.சி.ஜி.யும் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லையென்றால் டாக்டரிடம் கேள், நீயாக நிறுத்தாதே. முன்பு காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டிருந்தால் அதையும் சொல். அது காதுக்குச் செய்த சேதம் திரும்பாது.

யாரும் கவனிக்காதது ஒன்று. கேப்ஸ்யூலைத் துளைத்து இழுக்கும் இன்ஹேலரில், வேகமாக இழுத்தால்தான் கேப்ஸ்யூல் உள்ளே விர்ரென்று சுழலும். அந்தச் சத்தம்தான் சரியாக இழுத்ததற்கு அடையாளம். அம்மாவுக்கு அது கேட்காவிட்டால், மெதுவாக இழுத்து மருந்தை உள்ளேயே விட்டுவிடுவார். இழுத்து முடித்ததும் கேப்ஸ்யூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார். பொடி ஒட்டியிருந்தால் அதே கேப்ஸ்யூலை இன்னொரு முறை இழுக்கச் சொல். ஸ்பேசர், அதாவது ஸ்ப்ரே இன்ஹேலரோடு மாட்டும் குடுவை, என்றால் கதை நேர்மாறு: சில வகைகளில் வேகமாக இழுத்தால் விசில் அடிக்கும், அதுவும் கேட்காது. எதையும் வாயால் சொல்லிக்கொடுக்காதே. எதிரில் உட்கார்ந்து செய்துகாட்டு, பிறகு அவரைச் செய்யவிட்டுப் பார்.

ஹியரிங் எய்டு வாங்குவதாக இருந்தால், காதுக்குள் பொருத்தும் வகை அவருக்கு ஒத்துவருமா என்று கேள். காதுக்குப் பின்னால் மாட்டுவது, காதைச் சுற்றி மூக்குக்குப் போகும் ஆக்சிஜன் குழாயோடு இடத்துக்குச் சண்டை போடும். குழாயைக் கழற்றினால் அதுவும் சேர்ந்து கீழே விழும். இரவில் ஹியரிங் எய்டைக் கழற்றி வைத்துவிடுவார். ஆக்சிஜன் மெஷின் அலாரம் அடித்தால் அடுத்த அறையில் யாருக்காவது கேட்க வேண்டும்.

ஆடியோகிராம் தாளையும் மாத்திரைச் சீட்டையும் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
ரவி