வசுவுக்கு, புது வண்டி பற்றி

அன்புள்ள வசு,

உன் மெயில் வந்து எவ்வளவு நாளாச்சு என்று ஆரம்பிக்காதே. ஆரம்பித்தால் ஹரி பிறந்த பிறகு நீ காணாமல் போன கதையை நான் எடுப்பேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது என் சமையலறை மூலையில் இருக்கிற ஒட்டடையெல்லாம் அவள் கண்ணுக்குத் தெரிகிறது. சுமதி ரிட்டயர் ஆகி வீட்டில் பாட்டு வகுப்பு வைத்திருக்கிறாள். ஆமாம், அதே குரலில்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கியாச்சு. நான் வேண்டாம் என்று சொன்னதெல்லாம் அதில் இருக்கிறது. மெட்ராஸ் வெயிலுக்கு சன்ரூஃப்! அப்புறம் இந்த அடாஸ், ஓட்டுகிறவருக்கு உதவுகிற ஏற்பாடாம். முன் கண்ணாடியின் உச்சியில் ஒரு கேமரா, பம்பருக்குள் ஒரு ரேடார். கேமரா இரண்டு பக்கத்து வெள்ளைக் கோட்டையும் பார்த்து வண்டியை நட்டநடுவில் பிடித்து வைக்கும், ரேடார் முன்னால் போகிற வண்டியோடு இடைவெளியைப் பார்த்துக்கொள்ளும். நான் அதற்கு ஸ்கேல் மிஸ் என்று பேர் வைத்துவிட்டேன். கோட்டை விட்டு ஒரு நூல் நகர்ந்தாலும் பொறுக்காது. நம்ம கோகிலாகூட இதனிடம் தப்பியிருக்க மாட்டாள்.

நீ அங்கே அமெரிக்காவில், சாண்ட்லரில் வேமோ டாக்ஸியில் போவதைப் பற்றி எழுதியிருந்தாயே, டிரைவர் சீட்டு காலியாக இருக்க ஸ்டீயரிங் மட்டும் தானாகச் சுற்றுகிறது, சைக்கிள்காரர் வந்தால் கொஞ்சம் தள்ளி இடம் கொடுத்துப் போகிறது என்று. அதைப் படித்துவிட்டு இவர் "நம்ம வண்டியும் அதேதான்" என்கிறார். அதே இல்லை. தானாக ஓடுவதற்கு 0 முதல் 5 வரை படி வைத்திருக்கிறார்கள். உன்னுடையது நாலாவது படி, கூரை மேல் லேசர் சுற்றுகிறது, நாலு பக்கமும் பார்க்கிறது, ஓட்டுகிற பொறுப்பும் அதனுடையது. எங்களுடையது இரண்டாவது படி. பொறுப்பு முழுக்க நம் தலையில், அது ஸ்டீயரிங்கையும் வேகத்தையும் பிடித்துக்கொள்வதோடு சரி. இரண்டையும் ஒரே பேரில் கூப்பிட்டுப் பெருமை அடிக்கிறார்கள், அதிலேயே பாதி வம்பு.

எனக்கு என்ன உறுத்துகிறது என்றால், அது நிற்கிற இடம். வேகம் இல்லை, பிரேக் இல்லை, அதெல்லாம் நன்றாகவே செய்கிறது. நம் நெடுஞ்சாலையில் ஒரு லேன் மூன்றரை மீட்டர். வண்டி சுமார் 1.8 மீட்டர். நடுவில் நின்றால் இரண்டு பக்கமும் 85 சென்டிமீட்டர். பக்கத்து லேனில் இரண்டரை மீட்டர் அகல பஸ் அதன் நடுவில் போனால், அதற்கும் நமக்கும் இடையில் 1.35 மீட்டர், அதில் இரண்டு கண்ணாடிக்கும் கழித்துக்கொள். பரீட்சைத் தாளில் இதற்கு முழு மார்க் போடுவேன். ஆனால் எந்த ஆம்னி பஸ் தன் லேன் நடுவில் போகிறது, சொல்லு? அது கோட்டை அணைத்து வரும்போது நானும் நீயும் என்ன செய்வோம்? யோசிக்கக்கூட மாட்டோம். கை தானாக ஒரு சாண் இடது பக்கம் போகும், பஸ் தாண்டியதும் திரும்ப வரும். ஸ்கேல் மிஸ்ஸுக்கு அந்தச் சாண் கிடையாது. பக்கத்தில் பஸ் வந்தாலும் காலியாக இருந்தாலும் ஒரே இடம்.

அதைவிட மோசம், நான் நகர்த்தினால் தடுக்கிறது. பலமாக இல்லை, மெல்ல. ஸ்டீயரிங் கையில் கொஞ்சம் கனத்து, வேண்டாம் என்று சொல்கிற மாதிரி நடுவுக்கு இழுக்கும். அழுத்தித் திருப்பினால் விட்டுக்கொடுத்துவிடும், அது வேறு விஷயம். முப்பது வருஷ ஜட்ஜ்மெண்ட்டை ஒரு கேமரா திருத்துகிறதே என்று எரிச்சல் வருகிறது எனக்கு. பள்ளத்தைத் தவிர்க்க இண்டிகேட்டர் போடாமல் கோட்டைத் தாண்டினாலும் ஒரு இழுப்பு. நம் ஊரில் பள்ளத்துக்கெல்லாம் இண்டிகேட்டர் போட்டால் வேளச்சேரி முழுக்கக் கல்யாண வீடு மாதிரி மினுக்கிக்கொண்டே போக வேண்டியதுதான்!

மதுராந்தகம் தாண்டி நடந்ததைச் சொல்கிறேன். அந்த நாலு வழிச் சாலை உனக்குத் தெரியும், சுமை ஏற்றிய லாரியெல்லாம் மீடியனை ஒட்டி வலது லேனிலேயே ஊர்ந்து போகும், நாம்தான் இடது பக்கமாகத் தாண்ட வேண்டும். நான் தாண்டிக்கொண்டிருக்கிறேன், லாரி கொஞ்சம் கொஞ்சமாக என் பக்கம் சாய்கிறது. அதே நேரத்தில் இடது ஓரம் வெள்ளைக் கோட்டின் மேலேயே ஒரு பைக், பின்னால் மனைவி, மடியில் குழந்தை. நானாக ஓட்டியிருந்தால் அந்த இடத்தில் தாண்டவே போயிருக்க மாட்டேன், பின்தங்கி, லாரிக்காரர் கண்ணாடியில் தெரிகிற மாதிரி கொஞ்சம் இடது பக்கம் நின்று, ஹாரன் அடித்து, அவர் சைடு கொடுத்த பிறகுதான் போவேன். ஆனால் வேகத்தையும் அதுதான் பார்த்துக்கொண்டிருந்தது, என் லேனில் முன்னால் வண்டி இல்லை, கோடு இரண்டும் பளிச்சென்று இருக்கிறது, அதன் கணக்கில் எல்லாம் சரி. பிரேக்கில் கால் வைத்தேன், எல்லாம் அணைந்தது, பைக் போய்விட்டது. ஒன்றும் ஆகவில்லை, வசு. எனக்குத்தான் அச்சரப்பாக்கம் வரைக்கும் படபடப்பு அடங்கவில்லை.

லேனுக்குள் நாம் எங்கே நிற்கிறோம் என்பதே நம் ரோட்டில் ஒரு பேச்சு. வலது கோட்டை ஒட்டினால் தாண்டப் போகிறேன் என்று அர்த்தம். இடது பக்கம் ஒதுங்கினால் நீ போ என்று அர்த்தம். ஷேர் ஆட்டோக்காரர் அரை அடி வெளியே வந்தால் நிறுத்தப் போகிறார் என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரியும். நடுவிலேயே போகிற வண்டி எதுவும் சொல்வதில்லை, யார் சொல்வதையும் கேட்பதும் இல்லை.

வளைவிலும் இதே வம்புதான். 1994-இல் லேண்ட், லீ என்று இரண்டு பேர் வளைந்து வளைந்து போகிற ரோட்டில் ஓட்டுகிறவர்களின் கண் எங்கே போகிறது என்று கருவி மாட்டிப் பார்த்தார்களாம். வளைவின் உட்பக்க விளிம்பில்தான் கண் போய் நிற்கிறது. கண் போகிற பக்கம் வண்டியும் கொஞ்சம் சாயும், நாம் எல்லோரும் உள்பக்கமாக ஒட்டித்தான் திரும்புகிறோம். இது நடுவிலேயே திரும்புவதால் கத்திப்பாரா வளைவில் வெளிச்சுவர் நம் மேல் வருகிற மாதிரியே இருக்கிறது. வரவில்லை என்று புத்திக்குத் தெரியும். வயிறு கேட்டால்தானே.

இதைச் சரி செய்ய முடியாததும் இல்லை. நம்ம மறைமலை நகரில் உற்பத்தியை நிறுத்திவிட்டுப் போன ஃபோர்டு, அங்கே உங்கள் ஊரில் புளூக்ரூஸ் என்று இதே மாதிரி ஒன்று கொடுக்கிறதே, அதில் பக்கத்தில் பெரிய லாரி வந்தால் லேனுக்குள்ளேயே கொஞ்சம் எதிர்ப்பக்கம் நகர்ந்துகொள்ளும்படி 2022-இல் மாற்றம் அறிவித்தார்கள். அந்த ஒரு சாண்தான்! எங்கள் வண்டியின் கையேட்டைப் படித்துப் பார்த்தேன், கோடு தெளிவாக இல்லாத இடத்தில், வேலை நடக்கிற இடத்தில், கனமழையில் நம்பாதீர்கள் என்று போட்டிருக்கிறது. ஓஎம்ஆரில் மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்து லேனை ஒதுக்கியிருக்கிறார்கள், பழைய கோடு நேராகத் தடுப்புக்குள் போகிறது, புதுக் கோடு பாதி இருக்கிறது. கையேட்டின்படி பார்த்தால் சென்னைக்குள் அதை எங்கே போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. 2023-இல் சாலைப் போக்குவரத்து அமைச்சர் கட்கரி, டிரைவர் இல்லாத கார் இந்தியாவுக்கு வந்தால் டிரைவர்கள் வேலை போய்விடும், விட மாட்டேன் என்று சொன்னார். நல்லது. ஆனால் டிரைவர் சீட்டில் ஆள் உட்கார்ந்தும் ஆள் இல்லாமல் ஓடுகிற கார் வந்தாச்சே.

அந்த ஆள் இவர்தான். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

என் மாமியாரைப் பார்க்க விழுப்புரத்துக்குத் தனியாகப் போகிறார், திரும்பி வர ராத்திரி ஆகிறது. முன்னெல்லாம் போன் செய்தால் எடுக்க மாட்டார், ஓட்டும்போது பேச மாட்டேன் என்பார். இப்போது எடுக்கிறார். நிதானமாகப் பேசுகிறார், சாம்பாருக்கு என்ன காய் என்று கேட்கிறார். கை வைக்கச் சொல்லி வண்டி எச்சரிக்கை கொடுத்தால் ஒரு விரலால் ஸ்டீயரிங்கை லேசாக அசைக்கிறார், அதற்கு அது போதும், சமாதானமாகிவிடும். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பஸ் ஒட்டி வந்தால் முன்பெல்லாம் அவர் தோள் அசையும், இப்போது அசைவதில்லை. போன மாதம் அவர்கள் ஊருக்குள், கோடே இல்லாத ரோட்டில், பாலத்துக் கட்டையை என் பக்கக் கண்ணாடி கிட்டத்தட்ட உரசிக்கொண்டு போனது. ஆம்பூரில் வெள்ளத்தில் நம் எல்லோரையும் அம்பாசிடரில் வெளியே கொண்டுவந்த மனுஷன்டி அவர். அந்தக் கை மறந்துகொண்டிருக்கிறது என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் சொன்னால் "உனக்கு எது புதுசு வந்தாலும் பிடிக்காது" என்று மைக்ரோவேவ் காலத்திலிருந்து ஆரம்பிப்பார். அந்த பட்டனை அணைத்து வைத்தால் அடுத்த தடவை ஏறும்போது மறுபடி போட்டுக்கொள்கிறார். அதனால் உன் வீட்டுக்காரரிடம் சொல். சாஃப்ட்வேர் ஆள் சொன்னால் இவருக்கு வேதவாக்கு. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாமல், கிரிக்கெட் முடிந்த பிறகு மெதுவாக எடுக்கச் சொல். பகலில், பைபாஸில், கோடு நன்றாக இருக்கிற இடத்தில் மட்டும் போடச் சொல்லட்டும், ராத்திரி விழுப்புரத்துக்கு வேண்டாம் என்று. போன தடவை இன்சூரன்ஸ் விஷயத்தில் சொதப்பின மாதிரி "மைதிலி சொன்னாள்" என்று உளறிவிடாமல் பார்த்துக்கொள்.

உன்
மைதிலி