பட்ஜெட்டில் உபரி, வங்கியில் பூஜ்யம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசுப் பணத்தில், ஆனால் தனி நிர்வாகக் குழுவின் பொறுப்பில் நடக்கும் கலிபோர்னியாவின் சார்ட்டர் பள்ளிகளைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பலரும் ‘அரசு உதவி பெறும் பள்ளி’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்தப் பெயர் தவறான எண்ணத்தைத் தருகிறது. தமிழ்நாட்டின் உதவி பெறும் பள்ளியில், அனுமதித்த பணியிடத்துக்கு அரசு சம்பளம் தருகிறது. பத்துப் பிள்ளைகள் ஒரு வாரம் வராவிட்டாலும் அந்தச் சம்பளம் நிற்காது. சார்ட்டர் பள்ளிக்குச் சம்பளம் என்று தனியாக எதுவும் வராது. பிள்ளை வந்து உட்கார்ந்த நாளுக்குத்தான் பணம். காய்ச்சல் என்று பெற்றோர் கடிதம் கொடுத்தாலும் அந்த நாள் கணக்கில் சேராது.

இப்பள்ளிகளின் நிர்வாகக் குழுவில் பெற்றோரும் இடம்பெறுவதுண்டு. ‘கணக்கு தெரிந்தவர்’ என்று பெயர் வாங்கிவிட்டால் பொருளாளர் பொறுப்பு வீடு தேடி வரும். அப்படி உட்காரப் போகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் வருகை. 300 பேர் சேர்ந்திருக்கிறார்கள், வருகை 95 சதவீதம் என்றால் பணம் 285 பேருக்கு. கணக்குக்காக ஒரு தலைக்கு 12,000 டாலர் என்று வைத்தால் 34 லட்சத்து 20 ஆயிரம். வருகை 93 சதவீதமாக இறங்கினால் 279 பேர்; போனது 72,000 டாலர், ஏறக்குறைய ஓர் ஆசிரியரின் சம்பளம். பக்கத்துப் பள்ளி மாவட்டத்தின் (வட்டாரத்து அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) பள்ளிகளுக்கும் வருகை குறையத்தான் செய்கிறது. ஆனால் மாவட்டம் நடப்பு ஆண்டு, முந்தைய ஆண்டு, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி ஆகியவற்றில் எது அதிகமோ அதை எடுத்துக்கொள்ள 2022-லிருந்து சட்டம் இடம் தருகிறது. சார்ட்டர் பள்ளிக்கு அந்த மெத்தை கிடையாது. நடப்பு ஆண்டு மட்டுமே. ஆண்டுப் பணத்தின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கும் வருகைக் கணக்கும் ஏப்ரல் 15-ஐ ஒட்டி முடிந்துவிடும். மே மாதத்தில் வருகைக்குப் பரிசு அறிவிக்கும் பள்ளிகளைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

பணம் எப்போது வருகிறது என்பதுதான் இதைவிட ஆபத்தான இடம். மாநிலப் பணம் ஜூலை, ஆகஸ்டில் தலா 5 சதவீதம், செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை மாதம் 9 சதவீதம். அதாவது ஜனவரி முடியும்போது 55 சதவீதம், அதுவும் சென்ற ஆண்டு எண்ணிக்கையை வைத்து. இவ்வாண்டு எண்ணிக்கை பிப்ரவரியில்தான் கணக்கில் ஏறும். 200 பேரிலிருந்து 300 பேராக வளர்ந்த பள்ளி ஆகஸ்டிலேயே ஆள் எடுத்து, மேசை வாங்கி, வாடகையும் கூட்டிக் கொடுத்திருக்கும். கூடுதல் நூறு பேரின் 12 லட்சத்தில் பாதி, ஏறத்தாழ 6 லட்சம் டாலர், ஜனவரி வரை கைக்கு வராது. புதிய பள்ளிகளும் புது வகுப்பு சேர்க்கும் பள்ளிகளும் மாணவர் மதிப்பீட்டுப் படிவத்தை ஜூலையிலேயே கொடுத்து முன்பணம் பெற வழி உண்டு. அந்தப் படிவம் அலமாரியில் கிடந்தால் பழைய எண்ணிக்கைக்குத்தான் பணம். பட்ஜெட்டில் உபரி காட்டும் பள்ளி நவம்பரில் சம்பளம் போட முடியாமல் நிற்பது இதனால்தான்.

2021-இல் மாநிலம் பிப்ரவரி முதல் ஜூன் வரை தரவேண்டிய தவணைகளில் பெரும்பகுதியைப் பல மாதங்கள் தள்ளிப்போட்டது. மாவட்டங்கள் குறைந்த வட்டியில் குறுகிய காலப் பத்திரம் வெளியிட்டுச் சமாளித்தன. கையிருப்பு இல்லாத சார்ட்டர் பள்ளிக்கு இருந்த வழி, வரவேண்டிய தொகையைத் தள்ளுபடி விலைக்கு விற்பது. நம் ஊரில் விளைச்சலைக் களத்துமேட்டிலேயே விற்கிற கதை. ஆகவே ஒரு நாளைய செலவைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 33 லட்சம் செலவு என்றால் நாளுக்குச் சுமார் 9,000. 45 நாள் கையிருப்பு என்பது 4 லட்சத்துச் சொச்சம். என்னைக் கேட்டால் வளரும் பள்ளிக்கு அதுவும் போதாது, 60 நாளாவது வேண்டும்.

செலவுப் பக்கத்தில் சம்பளமும் சலுகைகளுமே பெரும்பங்கு. மாநில ஆசிரியர் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்த பள்ளி, சம்பளத்தின் மேல் 19.1 சதவீதம் தன் பங்காகக் கட்ட வேண்டும். புதிதாக ஆள் எடுக்கும்போது மறக்கப்படுவது இதுதான். பள்ளி நடத்த அனுமதி தந்த அமைப்பு மேற்பார்வைக் கட்டணமாக 1 சதவீதம் வரையிலும், கட்டடத்தையும் ஏறக்குறைய இலவசமாகத் தந்திருந்தால் 3 சதவீதம் வரையிலும் எடுக்கும். வாடகை வருவாயில் 15 சதவீதத்தைத் தாண்டினால் ஒப்பந்தத்தில் ஆண்டு ஏற்றம் எவ்வளவு என்று பாருங்கள். பிள்ளைகள் குறைந்தால் வாடகை குறையாது.

தணிக்கையில் பணம் போவது பெரும்பாலும் திருட்டால் அல்ல, காகிதத்தால். வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளைக்கான எழுத்து ஒப்பந்தத்தில் ஒரு கையெழுத்து இல்லையென்றால் அந்த நாட்கள் அடிபடும். ஆண்டுக்கு 175 நாள் பள்ளி நடக்க வேண்டும். பாட நேரம் 4 முதல் 8-ஆம் வகுப்பு வரை 54,000 நிமிடம், 9 முதல் 12 வரை 64,800. அரைநாள் விடுமுறைகளைத் தாராளமாக அறிவித்துவிட்டு மே மாதத்தில் நிமிடம் எண்ணுவது வீண். நாட்காட்டியை அச்சிடும் முன்பே கூட்டிப் பார்க்க வேண்டும். தவணையை வாங்குபவர், காசோலையில் கையெழுத்திடுபவர், வங்கி அறிக்கையைச் சரிபார்ப்பவர் மூவரும் வெவ்வேறு ஆளாக இருக்கட்டும். சின்னப் பள்ளியில் இது கஷ்டம்தான். மூன்றாவது வேலையைக் குழுப் பொருளாளரே செய்யலாம்.

அறிக்கைத் தேதிகள்: பட்ஜெட் ஜூலை 1, தணிக்கைக்கு முந்தைய கணக்கு செப்டம்பர் 15, முதல் இடைக்கால அறிக்கையும் சென்ற ஆண்டின் தணிக்கையும் டிசம்பர் 15, இரண்டாவது இடைக்கால அறிக்கை மார்ச் 15. குழுவில் இல்லாத பெற்றோரும் இவற்றைப் பார்க்கலாம். 2020 முதல் சார்ட்டர் பள்ளிக் குழுக்களும் திறந்த கூட்டச் சட்டத்துக்கு உட்பட்டவை. வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் 72 மணி நேரம் முன்னதாக ஒட்டப்பட வேண்டும். கூட்ட ஆவணங்களில் ‘பட்ஜெட், செலவு’ என்று இரண்டு நெடுவரிசை மட்டும் இருந்தால், பன்னிரண்டு மாத ரொக்க ஓட்டப் பட்டியல் எங்கே என்று கேளுங்கள். அதில் முதலில் பார்க்க வேண்டியது ஜூன் மாதத்தை அல்ல, நவம்பர் முதல் ஜனவரி வரையிலான மாதக் கடைசி இருப்பை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சான் ஹோசே, கலிபோர்னியா