பிஎஸ்ஏ கூடினாலே புற்றுநோயா?

ஆசிரியருக்கு,

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புரோஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோய் ஆராய்ச்சி பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அந்தச் சுரப்பி உண்டாக்கும் பிஎஸ்ஏ என்ற புரதத்தின் அளவு ரத்தப் பரிசோதனையில் கூடினால் உடனே புற்றுநோய் என்று முடிவுகட்டிவிடுகிறோம். சிறுநீர்த் தொற்றாலும், வயதாகும்போது வரும் சாதாரண புரோஸ்டேட் வீக்கத்தாலும்கூட அது கூடும். சரி, புற்றுநோயே என்றாலும் ஆரம்ப நிலையில் பதற வேண்டியதில்லை. பிரிட்டனின் புரொடெக்ட் ஆய்வில் ஆரம்ப நிலைப் புற்றுநோய் இருந்த 1,643 ஆண்களை உடனடிச் சிகிச்சையில்லாத கண்காணிப்பு, அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு என மூன்று பிரிவாக்கிப் பின்தொடர்ந்தார்கள். சுமார் 15 ஆண்டு நிலவரம் 2023இல் வெளியானது. மூன்று பிரிவிலும் இந்நோயால் இறந்தவர்கள் ஏறத்தாழ 3 சதவீதம்தான். கண்காணிப்புப் பிரிவில் நோய் உடலின் பிற பகுதிகளுக்குப் பரவியவர்கள் மற்ற பிரிவுகளைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்பதால், தொடர் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

என் பெரியப்பாவுக்கு அளவு 9 வந்ததும் ஒரு மருத்துவமனையில் மறுநாளே பயாப்ஸி (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) என்றார்கள். வேறொரு மருத்துவர் சிறுநீர்த் தொற்றைக் கண்டுபிடித்து மருந்து தந்தார். ஆறு வாரம் கழித்து அளவு 3. அந்த ஆறு வாரமும் பெரியம்மா சரியாகச் சாப்பிடவில்லை. பரிசோதனை நிலையங்கள் முடிவுத்தாளிலேயே, ‘அளவு கூடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு, சிறுநீரியல் மருத்துவரிடம் கேளுங்கள்’ என்று தமிழில் அச்சிட்டுத் தர அரசு உத்தரவிட வேண்டும்.

— ஒரு வாசகர், மதுரை