ஒரே ரோடு, இரண்டு நோட்டு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அனைவரும் நலம்.

போன வாரம் நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். ஒரே தார் ரோடு, அதே 200 மீட்டர். நம் பையன்கள் இரண்டு பேர் ரோட்டின் சேதத்தைத் தனித்தனியாகப் பார்த்து நோட்டில் எழுதினார்கள். முதலைத்தோல் விரிசலுக்கு, அதாவது முதலையின் தோல் மாதிரி கட்டம் கட்டமாகப் பின்னிக் கிடக்கும் விரிசலுக்கு, ஒருவன் 'லேசு' என்று போட்டிருந்தான், மற்றவன் 'நடுத்தரம்'. இருவருமே பொறுப்பானவர்கள். விசாரித்தால், ஒருவன் போனது உச்சி வெயிலில். மற்றவன் போனது விடிகாலைத் தூறல் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில். மேலே தார் காய்ந்துவிடும், விரிசலுக்குள் ஈரம் நிற்கும். மயிரிழைக் கீறல்கூட மை தொட்டு இழுத்த மாதிரி தெரியும். அடுத்த தூறலுக்குக் காத்திருந்து நானே இரண்டு வேளையும் போய்க் குனிந்து பார்த்தேன். மதியம் அந்தக் கோடுகளில் பாதியைக் காணோம்!

குழிகளில் இந்தத் தகராறு இல்லை, இருவர் கணக்கும் ஒன்றுதான். லேசுக்கும் நடுத்தரத்துக்கும் இடையில்தான் கண் தடுமாறுகிறது. ஆனால் ஒவ்வொரு சேதத்துக்கும் 100-இலிருந்து கழித்துக்கொண்டே வரும் நம் மதிப்பெண் முறையில் அந்த ஒரு சொல் மாறினாலே மார்க் நன்றாக இறங்கிவிடும். இந்த வருஷம் புதுத் தார் போடுவதா, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்வதா என்பதே அதில் போய் நிற்கும்.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா ஊருக்குப் பக்கத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனை நினைவிருக்கிறதா? ஒரு குழுவையே வண்டியில் ஏற்றி, ரோட்டுக்கு 0 முதல் 5 வரை மார்க் போடச் சொன்னார்கள். ஒருவர் மார்க்கை நம்பாமல் சராசரி எடுத்தார்கள். பிறகு அளவுகளோடு பொருத்திப் பார்த்தபோது மேடுபள்ளம்தான் மார்க்கைத் தீர்மானித்தது, விரிசலின் பங்கு மிகச் சொற்பம். வண்டியில் போகிறவனுக்கு முதுகு சொல்வதுதான் ரோடு. விரிசல் வழியாக இறங்கும் தண்ணீர் அடியில் செய்யும் வேலை அவனுக்கு எப்படித் தெரியும்?

சரி, நான் செய்தது இதுதான். இருவரையும் அதே இடத்துக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். விரிசல் ஓரத்தில் விரலை ஓட்டச் சொன்னேன். பொடி ஜல்லி கையோடு வந்தது. லேசு என்று எழுதியவன் தானே அந்தச் சொல்லை அடித்துவிட்டு மாற்றினான். மழைக்காலத்துக்கு முன்னால் எல்லோரையும் இப்படி ஒரு நாள் சேர்ந்து நடக்க வைக்கப் போகிறேன்.

அப்புறம், உன் மகன் கேமரா படங்களைக் கொடுத்துக் கம்ப்யூட்டருக்கு விரிசல் பார்க்கக் கற்றுத் தருகிறான் என்றாயே. அந்தப் படங்களில் குறி போட்டது யார், ஒரே படத்தை இரண்டு பேரிடம் கொடுத்துப் பார்த்தார்களா என்று கேட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்