விதைகளைக் குப்பையில் போடாதே

அன்பு நண்பா,

இங்கே எல்லோரும் நலம். கணக்குப்பிள்ளை உன்னை விசாரித்தார். அவருக்கும் ஒரு வரி எழுது.

உன் கடிதத்தைப் படித்ததும் பதறிவிட்டேன். கார்பன் டைஆக்சைடைப் பிடிக்கும் இலை நொதியான ரூபிஸ்கோவை ஏறத்தாழ 60 சதவீதத்துக்குக் குறைத்தும் புகையிலைச் செடி பாட்டுக்கு வளர்கிறது, அதனால் விதைகளையெல்லாம் குப்பையில் கொட்டப் போகிறாயாமே! கொட்டாதே. செடி சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கிறது. நீதான் அவசரக்காரன், அன்றும் இன்றும்.

உன் வளர்ப்பறையில் வெளிச்சம் சதுர மீட்டருக்கு நொடிக்கு 300 மைக்ரோமோல். அந்த ஒளியில் வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ரூபிஸ்கோ அல்ல, ஆர்யூபிபி, அதாவது கார்பன் டைஆக்சைடை ஏற்கும் சர்க்கரை, திரும்ப உருவாகும் வேகம்தான். நொதி குறைந்தால் மிச்சமிருப்பதில் அதிகப் பங்கு செயல்நிலைக்கு வருகிறது, ஆர்யூபிபி சேர்கிறது, இலைக்குள் கார்பன் டைஆக்சைடும் சற்று ஏறுகிறது. மூன்றும் சேர்ந்து குறையை மூடிவிடுகின்றன. போதாததற்கு இலை மெலிந்து அகலமாகும். ஒரு கிராம் இலைக்குக் கிடைக்கும் பரப்பு கூடும். 1990களின் தொடக்கத்தில் ஆன்டிசென்ஸ் ஆர்என்ஏ (மரபணுவின் செய்தியை முடக்கும் எதிர்ப்படி) கொண்டு ரூபிஸ்கோவின் சிறு துணையலகைக் குறைத்த புகையிலையிலும் இதையேதான் பார்த்தார்கள். அதே செடியை 1000 மைக்ரோமோலுக்கு மேல் கொண்டுபோய் வை, ஒளிச்சேர்க்கை நொதியின் அளவோடு சேர்ந்து விழும்.

ஆகவே திரும்பச் செய். இம்முறை உயரத்தை அளந்து திருப்திப்படாதே. இலைப்பரப்பு, இலையின் உலர் எடை, வேரின் உலர் எடை மூன்றும் தனித்தனியாக வேண்டும்.

முதல் வில்லன் தொட்டி. சிறிய தொட்டியில் வேர் சுற்றிக்கொண்டதும் சர்க்கரை போக இடமின்றி இலையில் மாவுச்சத்து தேங்கும். ரூபிஸ்கோவும் தானாகவே குறையும். அப்புறம் கட்டுப்பாட்டுச் செடிக்கும் மாற்றிய செடிக்கும் வித்தியாசமே தெரியாது. ஒப்பிடுவதற்கும் திசு வளர்ப்பே பார்க்காத செடியை வைக்காதே. அதே விதை வழிமரபில் பிரிந்து, செருகிய மரபணுவை இழந்த உடன்பிறப்பை வை. தனித்தனியாக உருவான மூன்று வழிமரபுகளாவது வேண்டும். செருகிய இடத்தைப் பொறுத்து வெளிப்பாடு மாறும், அடுத்த தலைமுறையில் மரபணு அடங்கிப் போவதும் உண்டு. தட்டுகளை அடிக்கடி இடம் மாற்று.

வாயு அளவீட்டுக்கு, முழுதாய் விரிந்த இலைகளில் மேலே உள்ளதை எடு. இலை வெப்பம் 25 டிகிரி, ஒளி 1500 மைக்ரோமோல். கார்பன் டைஆக்சைடு 400 பிபிஎம்மில் நிலைபெற்றதும் 50 வரை இறக்கி, மீண்டும் 400க்கு வந்து, பிறகு 1200 வரை ஏற்று. கிடைக்கும் வளைவின் கீழ்ப்பகுதிச் சரிவுதான் ரூபிஸ்கோவின் கதை. நொதிச் சோதனைக்கு இலைத்துண்டை விளக்கொளியிலேயே திரவ நைட்ரஜனில் போடு. இருட்டில் கொண்டுபோனால் செயல்நிலை இறங்கிவிடும்.

இனி உன் அடுத்த ஆசை: ரூபிஸ்கோவைக் கூட்டினால் என்ன? மனம் கொள்ளாத ஆசைதான், எனக்கும் இருக்கிறது. ஆனால் ரூபிஸ்கோ இலை நைட்ரஜனில் கால் பங்கு வரை விழுங்கும். 2020இல் வெளிவந்த நெல் ஆய்வில் ரூபிஸ்கோவைக் கூட்டிய செடிகளில் விளைச்சல் ஏறியது, ஆனால் போதிய நைட்ரஜன் உரம் இட்ட இடத்தில்தான். வேகமான நொதியைக் கொண்டுவருவதும் எளிதல்ல: 2014இல் நீலப்பசும்பாசியின் ரூபிஸ்கோவைப் புகையிலையில் வைத்தார்கள், கார்பன் டைஆக்சைடு மிகுந்த காற்றில்தான் அந்தச் செடி வளர்ந்தது. அந்த நொதி வேகமானது, ஆனால் கார்பன் டைஆக்சைடைப் பற்றும் பிடி தளர்வு.

அதனால் கூட்டத்தான் வேண்டுமென்றால் முதலில் எஸ்பிபேஸைத் தொடு. 2005இல் அதைக் கூட்டிய புகையிலையில் எடை 30 சதவீதம் வரை ஏறியது. ஆர்யூபிபி மறுஉருவாக்கத்தைத் தூக்கிவிடும் நொதி அது. உன் மங்கிய அறைக்கும் ரூபிஸ்கோவைவிட அதுவே பொருத்தம்.

பெரிய தொட்டிகளுக்கு இன்றே சொல்லிவிடு. வளைவுகள் கிடைத்ததும் படம் வேண்டாம், எண்களாகவே அனுப்பு. சரிவை நானே போட்டுப் பார்க்கிறேன்.

உன்,
பழைய மேசைக்காரன்