நம் ஊர்ச் சுண்டெலிக்கும் ஒரு கூண்டு ஒதுக்குங்கள்

மத்திய உயிர்த்தொழில்நுட்பத் துறையில் ஆய்வு நிதியை முடிவு செய்யும் குழுவினருக்கு,

வணக்கம். நம் நாட்டில் வெளியில் திரியும் சுண்டெலிகளைப் பிடித்து ஆய்வக ரகங்கள் உருவாக்க நிதி கேட்டு எழுதுகிறேன். நம் ஆய்வகங்களில் எங்கு பார்த்தாலும் இருக்கும் சுவிஸ் வெள்ளைச் சுண்டெலியின் பூர்வீகம் உங்களுக்குத் தெரிந்ததுதான். 1926-ல் ஆய்வாளர் கிளாரா லிஞ்ச் சுவிட்சர்லாந்தின் லோசானிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவை ஆண் இரண்டு, பெண் ஏழு, அவ்வளவுதான். 1921-ல் தொடங்கிய பிளாக் சிக்ஸ் கறுப்பு எலியோ தலைமுறை தலைமுறையாக அண்ணனையும் தங்கையையும் சேர்த்தே வளர்த்த ரகம், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் மரபணுவில் வித்தியாசம் கிடையாது என்றே சொல்லலாம். சோதனையைத் திரும்பச் செய்து பார்க்க அது பெரிய வசதி, மறுக்கவில்லை. ஆனால் ஒரே ஆளுக்கு ஆயிரம் தடவை மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டு ஊருக்கே ஒத்துவரும் என்று சொல்ல முடியுமா?

வைரஸை எதிர்க்க உதவும் ஓஏஎஸ்1பி மரபணுவையே எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான ஆய்வக ரகங்களில் அது பாதியிலேயே அறுந்து கிடக்கிறது, அதனால்தான் வெஸ்ட் நைல் வைரஸ் அவற்றைச் சுலபமாகச் சாய்த்துவிடுகிறது. அந்த மரபணு முழுதாக இருக்கும் காட்டுவழி ரகங்கள், அதாவது வெளியில் பிடித்த எலிகளின் வழிவந்தவை, தாக்குப்பிடிக்கின்றன. டெங்குவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் இதே வைரஸ் குடும்பம்தான். எபோலாவிலும் இதே கதை: ஐந்து ஆய்வக ரகங்களையும் மூன்று காட்டுவழி ரகங்களையும் கலந்து உருவாக்கிய எலிகளுக்கு, 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே வைரஸைக் கொடுத்தபோது, சில ரகங்கள் சமாளித்துக்கொண்டன, சில ரத்தக்கசிவோடு செத்தன. கலப்பில்லாத ஆய்வக எலிகளில் அந்த ரத்தக்கசிவு தெரிந்ததே இல்லை.

அந்த மூன்று காட்டுவழி ரகங்களும் தாய்லாந்து, செக் நாடு, அமெரிக்காவின் மேரிலாந்து எலிகளின் வழிவந்தவை. தாய்லாந்து எலி, வீட்டு எலியின் காஸ்டானியஸ் என்ற துணையினம், அதன் பூர்வீகமோ நம் துணைக்கண்டத்தின் வடமேற்குப் பக்கம். இமாசலப் பிரதேசத்துச் சுண்டெலிகளின் மரபணுவைப் படித்தவர்கள், மேற்கு ஐரோப்பிய வீட்டு எலியில் இருப்பதைவிடப் பல மடங்கு வேறுபாடு அதில் இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். கப்பலேறி அமெரிக்கக் கண்டங்களுக்குப் போய்ச் சில நூறு ஆண்டுகளே ஆன எலியைக்கூட விடாமல், பிரேசிலின் மனாஸ், அமெரிக்காவின் டூசான், கனடாவின் எட்மன்டன் என்று ஊர் ஊராகப் பிடித்து கலிபோர்னியாவின் பெர்க்லியில் புது ரகங்கள் உண்டாக்கிவிட்டார்கள். பூர்வீகத்தில் உட்கார்ந்திருக்கும் நாம் இன்னும் யாருக்காகக் காத்திருக்கிறோம்?

சரி, வேலை லேசானதில்லை. காட்டு எலி கூண்டைத் திறந்ததும் நெஞ்சுயரம் துள்ளும், அதனால் உயரமான பிளாஸ்டிக் தொட்டிக்குள் வைத்துத்தான் கூண்டையே மாற்ற வேண்டும். கடிக்கும், குட்டி போட யோசிக்கும், உண்ணியும் வைரஸும் கொண்டுவரும். எனவே பிடித்ததைத் தனி அறையில் வைத்து, கருவை எடுத்துச் சுத்தமான வாடகைத் தாய்க்கு மாற்றிய பிறகுதான் பொது விலங்குக்கூடத்துக்குள் விட முடியும். அப்புறம் உடன்பிறப்புச் சேர்க்கை தொடங்கினால் மலட்டுத்தனம் தலைகாட்டி, பாதி வழியில் பல வம்ச வரிசைகள் அற்றுப்போகும். (மேலே சொன்ன எட்டு ரகக் கலப்பிலும் தொடங்கிய வரிசைகளில் பெரும்பகுதி அப்படித்தான் போனது.) ஆனாலும் முடியாத காரியமில்லை, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் வயல் சுண்டெலியை வைத்து உடல்கடிகார ஆய்வே நடந்திருக்கிறது.

இடிப்பது, மூன்று வருடத்துக்கே நிதி கொடுக்கும் உங்கள் கணக்குதான். ஒரு ரகத்தை உள்ளினப்பெருக்க ரகம் (பிளாக் சிக்ஸ் போல மரபணுவில் ஏறக்குறைய ஒரே மாதிரியானது) என்று சொல்ல இருபது தலைமுறை உடன்பிறப்புச் சேர்க்கை வேண்டும், எல்லாம் கூடிவந்தாலும் ஐந்தாறு வருடம் ஓடிவிடும். மூன்றாம் வருடக் கடைசியில் ‘கட்டுரை எங்கே’ என்று கேட்டால் கூண்டில் எட்டாவது, ஒன்பதாவது தலைமுறைதான் நிற்கும். அதனால் இதை ஆய்வுத் திட்டமாகப் பார்க்காமல், விதை வங்கிக்குக் கொடுப்பதுபோல் எட்டு, பத்து வருடத்துக்கு நிதி ஒதுக்குங்கள், விலங்குப் பராமரிப்பாளர்களின் சம்பளத்தையும் சேர்த்து. இமயமலை அடிவாரம், ராஜஸ்தான், மேற்குத் தொடர்ச்சி மலை என்று வெவ்வேறு இடங்களிலிருந்து நிறைய வரிசைகளோடு தொடங்கட்டும். ஐந்தாவது தலைமுறையிலிருந்தே விந்தணுவை உறையவைப்பதையும், கேட்கிற ஆய்வகத்துக்கெல்லாம் எலியைக் கொடுப்பதையும் நிபந்தனையாகவே போட்டுவிடுங்கள்.