பெட்டிகளை இறக்கிவிட்டுப் போன விவசாயி ஐயாவுக்கு

விலைவாசி ஏறியதும் எங்கள் பொதுச் சமையலறைக்கு நன்கொடை குறைந்தது, சாப்பிட வருபவர்கள் கூடினார்கள். ஒரு வேளையை நிறுத்திவிடலாமா என்றுகூடப் பேசினோம். அப்போதுதான் யாரும் கேட்காமலே வண்டியோடு வந்தீர்கள், ஐயா.

வளைந்தது, சிறுத்தது என்று வியாபாரி கழித்த காய்கறிகள். ருசியில் ஒரு குறையும் இல்லை. (பசிக்கு வடிவமா முக்கியம்?) சும்மா கொட்டிவிட்டும் போகவில்லை. இன்றே சமைக்க வேண்டியவை ஒரு பெட்டியில், சில நாள் தாங்குபவை இன்னொன்றில். எங்களிடம் குளிர்பெட்டி இல்லை என்பதை எப்படிக் கவனித்தீர்களோ! அப்புறம், வந்தவர்களுக்கு வீட்டுக்கும் கொஞ்சம் கொடுத்தனுப்பச் சொன்னீர்கள்.

அறுவடைக்கும் சில்லறை விற்பனைக்கும் நடுவிலேயே உலக உணவில் சுமார் 13 சதவீதம் வீணாவதாக ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பு சொல்கிறது. பறிகூலிகூடத் தேறாத காயை வயலிலேயே உழுதுவிடுபவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நீங்களோ பறித்து, ஏற்றி, வண்டிச் செலவும் செய்து வந்தீர்கள்.

பெயர் கேட்டதற்குச் சிரித்துவிட்டுக் கிளம்பிவிட்டீர்கள். இதைப் படிப்பவர்களில் இந்த ஐயாவைத் தெரிந்தவர்கள் அவரிடம் இதைக் காட்டுங்கள். ஐயா, காலிப் பெட்டிகளைக் கழுவி வைத்திருக்கிறோம். அடுத்த முறை வண்டிச் செலவு எங்களுடையது, சரியா?